இலவச ஞாயிறு

ஓவியக் கண்காட்சியிலிருந்து லெயார்கோ வெளியே வந்தபோது, வாசலில் நிறுத்தியிருந்த அவன் சைக்கிளைக் காணோம்.

இவானோதான் தள்ளிக்கொண்டு போய் ஒளித்துவைத்தான். நான் எதிர்ப்பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எங்கள் ஊரில் இது பழைய விளையாட்டு. எல்லோரும் சைக்கிளில் திரிகிற ஊர். புதுச் சைக்கிள் என்றால் திருடன் அடிப்பான், ஓட்டைச் சைக்கிள் என்றால் கூட்டாளி ஒளிப்பான். கறிக்கடை வைத்திருந்த இவானோ சின்ன வயதிலிருந்தே இதில் கெட்டிக்காரன். என் கல்யாணத்தன்று என் சைக்கிளை ஒளித்தான். கோட்டும் சூட்டுமாக நான் சேற்றில் நடந்து போனதைப் பார்த்து ஊரே சிரித்தது.

நான் கண்காட்சிக்குள் போகவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு, டிக்கெட் கிடையாது. அரசாங்கம் சும்மா ஒன்றைக் காட்டுகிறது என்றால் அதில் ஏதோ இருக்கிறது. தூறல் விழுந்தாலும் வெளியிலேயே இருந்துவிட்டேன்.

லெயார்கோவின் மனைவி தினா வியாழக்கிழமையிலிருந்து ஊருக்கு வெளியே உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இனி எழமாட்டாள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் ஒருத்தர்தான் இருக்கலாம் என்றார்களாம். மகள் மாரா இருந்தாள்.

"நான் போன் பண்ணினா உடனே வந்துடுங்கப்பா. அம்மா உங்ககிட்ட மட்டும் ஏதோ சொல்லணுமாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

மிதித்தால் அரை மணி நேரம்.

வீட்டில் தனியாக உட்கார்ந்தால் அவன் உடைந்துபோவான் என்று நீவெஸ் சொன்னாள். பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்தவள், யாரையும் சும்மா இருக்க விடமாட்டாள். சனிக்கிழமை காலை கோட்டை மதிலைச் சுற்றி சைக்கிள். சாயங்காலம் தேவாலயத்தில் பாட்டுக் கச்சேரி. ஞாயிறு காலை இந்த ஓவியம். மத்தியானம் பொம்மலாட்டம் வேறு. லெயார்கோ எதற்கும் மாட்டேன் என்று சொல்லவில்லை. சட்டைப்பையில் இருந்த போனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் வந்தான்.

இப்போது வெளியே வந்தவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"என் சைக்கிள் எங்கடா?"

"ஒரு சிவத்த பொண்ணு வந்து ஏறிட்டுப் போயிட்டாடா" என்றான் இவானோ. "உன்னைத்தான் தேடினா. கிழவன் உள்ள அம்மணப் படம் பாத்துக்கிட்டு இருக்கான்னு சொன்னேன், கோவிச்சுக்கிட்டா."

அவன் கூடவே வெளியே வந்த நீவெஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மாரா கூப்பிட்டாளா?" என்று கேட்டாள். லெயார்கோ காதில் வாங்கவில்லை. தேடப் போய்விட்டான்.

"கொடுத்துடு இவானோ."

"சும்மா இரு டீச்சரம்மா. ரெண்டு நாளா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கான். கொஞ்சம் ஓடட்டும், ரத்தம் சூடாகும்."

லெயார்கோ ஓடினான். காபிக்கடையின் பின்பக்கம் பார்த்தான். தூண்களுக்கு நடுவே பார்த்தான். சந்துக்குள் போனான், திரும்பி வந்தான். மறுபடியும் தூண்களுக்கே போனான். இவானோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தலை நனைந்து, சட்டை முதுகில் ஒட்டி, அவன் ஓடியது பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது.

போன் அடித்தது.

லெயார்கோ கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றான். நீவெஸ் வாங்கி ஸ்பீக்கரை அழுத்தினாள். மாராவின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"எங்கப்பா இருக்கீங்க? அப்பவே கூப்பிட்டேனே! அம்மா வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாங்கப்பா. இப்பதான் போனாங்க."

லெயார்கோ போனைத் திரும்ப வாங்கினான்.

"சைக்கிள் கிடைக்கலம்மா" என்றான்.

இவானோவின் வாய் அப்படியே திறந்து நின்றது. பிறகு ஓடிப் போய் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவன் கொண்டு வந்ததை வாங்கிக்கொள்ள யாரும் கை நீட்டவில்லை. ஹாண்டில்பாரைப் பிடித்தபடியே நடுத்தெருவில் நின்று அழுதான்.

அடக்கத்தன்று இவானோ எல்லோர் முன்னாலும் மண்டியிட்டான். லெயார்கோ அவன் தலையில் கை வைத்து, "எந்திரிடா, நான் மன்னிச்சுட்டேன்" என்றான். பாதிரியார்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து இவானோ அவன் வீட்டுக்கு வேலைக்காரன். சூப்பு வைத்துக் கொண்டுபோகிறான், விறகு பிளந்து போடுகிறான், கல்லறைக்குப் பூ வாங்குகிறான். சைக்கிளைத் தொடுவதில்லை. எங்கும் நடக்கிறான், குனிந்தபடி. பாதி ஆளாகிவிட்டான். லெயார்கோ சூப்பைக் குடித்துவிட்டு உப்புக் குறைவு என்கிறான்.

தினா என்ன சொல்ல இருந்தாள் என்று யாருக்கும் தெரியாது.

நான் ஒரு வார்த்தை சொன்னால் இவானோ நிமிர்ந்துவிடுவான். சொல்லமாட்டேன். இத்தனை வருஷம் சிரித்தவன், கொஞ்ச காலம் அழட்டும்.

சைக்கிள் இருந்தது சந்தில், ஒரு வீட்டு முற்றத்தில், திறந்து கிடந்த இரும்புக் கேட்டுக்கு உள்ளே. அவர்கள் நின்ற இடத்திலிருந்து அது தெரியாது. என் பெஞ்சிலிருந்து தெரியும்.

அன்று தேடிப் போன லெயார்கோ அந்த கேட்டுக்கு உள்ளே போனான். சைக்கிளுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். சீட்டில் விழுந்திருந்த தூறலை உள்ளங்கையால் துடைத்தான்.

வெளியே வந்து, சத்தம் வராமல் கேட்டைச் சாத்தினான்.

அப்புறம்தான் எங்களைப் பார்த்துக் கையை விரித்தான்.