டிரம் நிற்கும்வரை

"கையை எடு, இன்பா. போனைத் தொட்டே, எனக்குக் கெட்ட கோவம் வரும்!"

ஷபீ அஹமது போட்ட அதட்டலில் இன்பராஜ் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். இருவருக்கும் நடுவே ஸ்டூலின் மேல் போன் கிடந்தது.

"மணி பார்க்கத்தான் பாய்."

"எதிர்ல சுவத்துல இன்னா தொங்குது, தோசைக்கல்லா?"

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று. இன்பராஜ் சிரிக்கவில்லை. மடியில் கிடந்த ஷூவின் மேல்தோலை எடுத்து ஊசியைக் குத்தினான். வீட்டிலிருந்தே ஜோடிக் கணக்கில் தைத்துக் கொடுக்கும் வேலை. காலையிலிருந்து நாலு ஜோடிகூடத் தேறவில்லை.

இருவரும் ஆம்பூரில் ஒரே தோல் தொழிற்சாலையில், தோலை மருந்தில் ஊறப்போட்டுச் சுழற்றும் டிரம்மை ஓட்டியவர்கள். இரண்டு வருடத்துக்கு முன் கழிவுத் தொட்டியில் இறங்கிய இன்பராஜ், வாயு தாக்கி உள்ளேயே சுருண்டு விழுந்தான். வெளியே இழுத்துப் போட்டது பாய்தான். மேகலா தலைவிரி கோலமாக ஓடி வந்தபோது, புருஷனுக்கு மூச்சு இருக்கிறதா என்று அவளுக்குச் சொல்ல அங்கே யாருக்கும் தைரியமில்லை.

அவன் உடம்பு தேறிவிட்டது. ஆனால் அன்றைக்கு அந்த வீட்டுக்குள் நுழைந்த பயம் வெளியே போகவில்லை. இப்போது ஆறு வாரமாகப் புதன்கிழமை தோறும் புருஷனும் பெண்டாட்டியும் வேலூருக்குப் பஸ் ஏறி, மனநல கவுன்சிலர் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

"அந்தம்மா உங்கிட்ட இன்னா சொன்னாங்க? திரும்பச் சொல்லு" என்றார் பாய்.

"அஞ்சரை வரைக்கும் போனைத் தொடக்கூடாதுன்னாங்க."

"ஏன்?"

"போன்ல பேசினா பயம் அந்த நிமிஷம் அடங்குமாம். அடுத்த நிமிஷம் இன்னும் ஜாஸ்தியா வருமாம். பேசாம விட்டுட்டா ஏறும், ஏறும்... அப்புறம் அதுவா இறங்கிடுமாம்."

"அதான். டிரம்மை ஓட விட்டுட்டு, மருந்து ஏறிச்சா ஏறிச்சான்னு நிமிஷத்துக்கு ஒரு தபா நிறுத்திப் பார்த்தா தோல் உருப்படுமா? ஓடி முடிக்கட்டும்."

"டிரம்முக்குள்ள கிடக்கறது செத்த ஆட்டுத் தோலு பாய். இது உயிரு."

பாய் குரலைத் தணித்தார்.

"போன வாரம் ஒரே நாள்ல இருபத்திமூணு தபா. நேத்து மூணு. இன்னைக்கு ஒண்ணுகூட ஆகக்கூடாது. தைக்கறதை விட்டுட்டு இன்னொரு தபா போன் பேச எழுந்தா, நாளைக்கு வேலைக்கே வர வேணாம்னு மேகலாகிட்ட சூபர்வைசர் சொல்லிட்டாரு. மறந்துட்டியா?"

இன்பராஜ் மறக்கவில்லை. மேகலா ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருக்கிறாள். எல்லோருடைய போனையும் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். உள்ளே சூபர்வைசரின் போன் ஒன்றுதான். அவள் சம்பளம் நின்றால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

நாலு மணி வாக்கில் தூரத்தில் சைரன் கேட்டது. பக்கத்தில், இன்னும் பக்கத்தில் வந்தது. தீயணைப்பு வண்டி ஒன்று தெருமுனையை அதிர வைத்துக்கொண்டு போனது.

இன்பராஜ் எழுந்தே விட்டான். தைத்த தோல்கள் தரையில் சிதறின.

"கம்பெனி ரோட்டுப் பக்கமிருந்து வருது பாய்! அங்கயும் கேட்டிருக்கும். அவ இந்நேரம்..."

"உக்காரு."

"ஒண்ணும் இல்லன்னு ஒரே ஒரு வார்த்தை பாய். அதோட விட்டுடறேன்."

"உக்காருன்னேன்!"

பாய் வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தார். புகை எதுவும் தெரியவில்லை. தெருவில் யாரும் ஓடவுமில்லை. திரும்பி வந்து போனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் போன் அடித்தது.

இருவரும் அதையே பார்த்தார்கள். ஒரு தடவை அடித்தது. இரண்டாவது தடவையும் அடித்தது.

"சூ... சூபர்வைசர் நம்பரா பாய்?"

பாய் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, போனைத் தள்ளிப் பிடித்து எண்ணைப் படிப்பதற்குள் இன்பராஜின் சட்டை நனைந்துவிட்டது.

"ரீசார்ஜ் பண்ணச் சொல்ற கம்பெனிக்காரன்டா, பேமானி!" என்று போனை ஸ்டூலில் போட்டார் பாய். "நல்ல நேரம் பார்த்தான் பாரு!"

இன்பராஜ் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். டீ ஆறி ஆடை கட்டியது. கடிகார முள் மட்டும் நகர்ந்தது. நாலரை. ஐந்து. ஐந்தேகால்.

ஐந்தரை ஆனபோது பாய் தானே போனை எடுத்து நீட்டினார். "இந்தா, இனிமே தொட்டுக்கோ."

இன்பராஜ் வாங்கவில்லை. அவன் பார்வை வாசலில் இருந்தது.

கம்பெனி பஸ் தெருமுனையில் நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. மேகலா வந்தாள். எப்போதும்போல ஓடி வரவில்லை, டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே வந்தாள். படியில் நின்று அவனைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தாள்.

"உங்கிட்டருந்து ஒரு போன்கூட வரல, மேகலா" என்றான் இன்பராஜ்.

"சைரன் நம்ம தெரு பக்கம் போகவும் எனக்குக் கையெல்லாம் உதறிடுச்சு. சூபர்வைசர் அண்ணனே பாவப்பட்டு, 'இந்தாம்மா, பேசிக்கோ'ன்னு போனை நீட்டினாரு" என்றாள் மேகலா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. "வேணாண்ணா, எங்க வூட்டுக்காரரு மூச்சு விட்டுனுதான் இருப்பாரு, சாயங்காலம் போய் நேர்ல பார்த்துக்கறேன்னுட்டேன்."