பூப்பக்கம்

கணவன் கட்டாருக்குப் போனபின், ஜெனிதா துறைமுகத்தை ஒட்டிய மாடி வீடொன்றுக்குத் தனியே குடிவந்தாள். முன்னறை யன்னலுக்கு நேரே எதிர்வீட்டுக்காரர்களின் கண்கள். பின்னறை யன்னலுக்கு வெளியே ஒன்றுமில்லை. கம்பிகளுக்குக் கீழே செங்குத்துச் சுவர், சுவரின் அடியில் கடல். படகில் போகிறவர்களும் பார்க்கக்கூடாதென்று அதற்கும் திரைச்சீலை தைக்கக் கொடுத்தாள். கடையில் பூப்போட்ட துணியை இரண்டு விரல்களுக்கிடையே தேய்த்துத் தேய்த்துப் பார்த்து, தடித்ததாகத்தான் எடுத்திருந்தாள்.

சனூஸா அக்கா தைத்துக்கொண்டு வந்து மாட்டியபோது, பின்னறைச் சீலையின் பூப்பக்கம் கடலைப் பார்த்தபடி இருந்தது. அறைக்குள் தெரிந்தது பூவில்லாத மறுபக்கம்.

"அக்கா, பூ உள்ளுக்கெல்லோ தெரியோணும்?"

"ஓம் தங்கச்சி. ஆனா நான் அளவெடுக்கேக்க வெளியால நிண்டவ, பூ தன்ர பக்கம் வரட்டும் எண்டு சொன்னவ. நீங்கள் அப்ப குசினிக்குள்ள தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிண்டனீங்கள்."

"வெளியால நிக்க இடமில்லையே அக்கா."

சனூஸா யன்னலடிக்குப் போய்க் கீழே பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

ஜெனிதா பிடிவாதமாகச் சீலையைக் கழற்றி, பூக்களை அறைக்குள் திருப்பி மாட்டினாள்.

மறுநாள் மத்தியானம் துளியும் காற்றில்லை. முன்னறைச் சீலை ஆடாமல் தொங்கியது. பின்னறைச் சீலையின் நடுவில் மட்டும் ஒரு மடிப்பு, கம்பிகளுக்கூடாக வெளியே இழுபட்டிருந்தது. இரண்டு விரல்களுக்கிடையே துணி தேய்படுகிற சத்தம், நின்று நின்று, கேட்டுக்கொண்டிருந்தது.