ஐம்பது எழுத்துக்குக் குறையாமல்

முழங்கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் தரை துடைத்துவிட்டு வந்த ஆயாம்மாவுக்கு, பாதியில் நின்றுபோன லிஃப்டுக்குள் உட்காரக்கூட இடமில்லை. காலடியில், கீழே கொட்ட எடுத்து வந்த குப்பைப்பை; அதிலிருந்து மீன்கழிவின் நாற்றம் வீசியது.

எதிர் மூலையில் ஒருவன் தோள்பையைக் கட்டிக்கொண்டு நின்றான். பையிலிருந்து ஸ்பானர் எட்டிப் பார்த்தது. எவர் வீட்டு ஏசியையோ பிரித்துப் போட வந்தவன் என்று நினைத்துக்கொண்டாள்.

"கயிறு கியிறு அறுந்துடுமாப்பா?"

"அதெல்லாம் அறாதும்மா. ஆனா வெளியேர்ந்து சாவி போட்டாத்தான் கதவு திறக்கும்."

"என் வீட்டுக்காரரைப் பாத்ரூம்ல உக்கார வெச்சுட்டு வந்தேன்ப்பா. அவருக்கு ஒரு பக்கம் கை கால் வராது. நான் வரலைன்னு தானா எழுந்திருக்கப் பாத்தாருன்னா மண்டை உடையும்."

காவலாளி போனை எடுக்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த கம்பெனி எண்ணை அழுத்தினாள். "புகார்களுக்கு எங்கள் இணையதளத்தில் உள்ள படிவத்தை நிரப்பவும்" என்று ஒருத்தி தேனைக் குழைத்துச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

"த்தூ! உள்ள மாட்டிக்கிட்டுக் கிடக்கிறவ ஃபாரம் எழுதணுமாம்!"

"ஃபாரம் போனாத்தாம்மா ஆள் அனுப்புவாங்க. வாயால சொன்னா காதுலயே வாங்க மாட்டாங்க," என்றான் அவன், தரையைப் பார்த்தபடி.

பெயரைப் போட்டாள். குடும்பப் பெயர் கட்டாயம் என்று சிவப்பில் வந்தது. "எனக்கு இருக்கிறதே ஒரு பேருதான்டா!" அதையே இரண்டாம் தடவையும் அடித்தாள்.

'லிஃப்ட் நின்னுபோச்சு' என்று எழுதினால், ஐம்பது எழுத்துக்குக் குறையக் கூடாதாம். மிச்சத்தை வசவால் நிரப்பினாள். "இந்த லிஃப்டைப் பாத்துக்கிற மெக்கானிக், கட்டையில போறவன், அவன் வாயில இந்தக் குப்பையைத் திணிக்கணும்... இன்னும் என்னப்பா போடலாம்?"

"போதும்மா. ஐம்பது தாண்டிடுச்சு." அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அடுத்து, அவள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க வேண்டுமாம். படிக்கட்டு உள்ள படங்களைத் தொடச் சொன்னது. "படிக்கட்டையா காட்டுற? முட்டி நல்லா இருந்தா அதுலயே இறங்கியிருக்க மாட்டேனா, பாழாப்போனவனே!" வியர்த்த விரல் வழுக்கியது. எழுதியதெல்லாம் அழிந்து, மறுபடி பெயரிலிருந்து ஆரம்பம்.

மேலே எங்கோ தொப்பென்று ஒரு சத்தம்.

"ஐயோ! அவரா?" அவள் கதவைத் தட்டினாள். அவன் அவள் போனைப் பிடுங்கிக் கடகடவென்று படிவத்தை நிரப்பினான். படிவம் போய்ச் சேர்ந்தது. உடனே பதிலும் வந்தது: 'உங்களுக்கு மிக அருகில் இருக்கும் எங்கள் மெக்கானிக்கிடம் இந்த வேலை ஒப்படைக்கப்பட்டது.'

"அப்பாடா! பக்கத்துலதான் இருக்கானாம். வந்துடுவான்ல?"

அவன் சட்டைப்பைக்குள் 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்தவன் முகம் செத்துப்போயிற்று.

"இந்த நேரத்துல உனக்கு யாருப்பா மெசேஜ் அனுப்புறது?"

"கம்பெனிதாம்மா... அந்த மெக்கானிக் நான்தான். போன மாசமே மாத்தியிருக்க வேண்டிய கதவுச் சக்கரம் இன்னும் பாக்கி. அதான் லிஃப்ட் நின்னுடுச்சு."