எட்டாவது டே கேர்

"பாத்ரூம் வந்தா சொல்லுவாளா?"

"சொல்லுவான்னு நினைக்கிறேன் மேடம்."

ஞானசௌந்தரி பென்சிலை நிறுத்திவிட்டு, எதிரில் உட்கார்ந்திருந்தவளை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். ஷைலா என்று பெயர் சொல்லியிருந்தாள். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரி என்பதை அந்தக் கறுப்புத் தோள்பையே சொல்லிற்று. முகத்தில்தான் ஒன்றும் இல்லை. பேங்க்கில் டோக்கன் நம்பருக்குக் காத்திருக்கிறவள் முகம் மாதிரி இருந்தது.

காட்டுப்பாக்கத்தில் தன் வீட்டின் கீழ்த்தளத்தை ஞானசௌந்தரி டே கேராக்கி ஒன்பது வருஷமாகிறது. விசாரிக்க வருகிறவர்களிடம் கேட்க வேண்டியதெல்லாம் நினைக்காமலேயே வாயில் வந்துவிடும். குழந்தையின் பெயரை மட்டும் கடைசியில்தான் கேட்பாள். பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. பெயர் எழுதாத படிவமென்றால் ரப்பரால் அழித்துவிட்டு அடுத்து வருகிறவருக்கு வைத்துக்கொள்ளலாம்.

"வயசு?"

"ரெண்டு வருஷம், ஏழு மாசம், ஆறு நாள்."

"உயரம் எவ்ளோ இருப்பா? மெத்தை எடுத்து வைக்கத்தான் கேக்கறேன்."

ஷைலா நாற்காலிக்குப் பக்கத்தில், முழங்காலுக்கு மேலே உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினாள். கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு இரண்டு விரற்கடை உயர்ந்தது.

"இவ்ளோ இருப்பா."

"சாப்பாடு?"

"இட்லின்னா சர்க்கரை தொட்டுக் குடுக்கணும். இப்ப சட்னி பழகியிருக்கலாம்."

"பழகியிருக்கலாமா?"

வாசற்படியில் உட்கார்ந்து குழந்தைகளின் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்த ஆயா வடிவு சிரித்துவிட்டாள்.

"உடுங்க டீச்சரம்மா. ஆபீஸ் போற அம்மாங்கோ எல்லாம் இப்டித்தான். போன மாசம் ஒரு அம்மா, 'ஆயா, என் புள்ளைக்கு எத்தினி பல்லு கீது'ன்னு என்னாண்ட கேட்டு எய்திகினு போச்சு. பெத்தது அது, பல்லு எண்ணுனது நானு."

"சும்மா இரு வடிவு."

வாய் அப்படிச் சொன்னாலும், ஞானசௌந்தரி நினைத்ததும் அதைத்தான். காலையில் தூங்குகிற குழந்தையை விட்டுப் போய், திரும்பி வந்து தூங்குகிற குழந்தையைத் தூக்கிப் போகிறவர்கள். பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று ஆயாவைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறவர்கள். முதலிரண்டு வருஷம் இவர்கள்மேல் கோபம் வந்தது. இப்போது அதுவும் வருவதில்லை.

ஷைலாவுக்கும் கோபம் வரவில்லை. வடிவு சொன்னது அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"இது எட்டாவது இடம் மேடம். சென்னீர்குப்பத்துல அஞ்சு பாத்தாச்சு. இந்தப் பக்கம் இது மூணாவது. இன்னைக்கு எப்படியும் கிடைச்சாகணும். நாளையிலேருந்து எனக்கு லீவு கிடையாது."

"அந்த ஏழும் பிடிக்கலியா?"

"அங்கல்லாம் இல்ல மேடம்."

"என்ன இல்ல, கேமராவா? இங்க நாலு இருக்கும்மா. போன்லயே பாத்துக்கலாம். தண்ணி காய்ச்சித்தான் குடுக்கறோம். வெளிச் சாப்பாடு கிடையாது. பொறந்தநாள் கேக் கூட..."

"குழந்தைங்களப் பாக்கலாமா மேடம்?"

எல்லாரும் கடைசியில் கேட்பதை இவள் நடுவிலேயே கேட்டுவிட்டாள். ஞானசௌந்தரி எழுந்துகொண்டாள்.

"தூங்கற நேரம். உள்ள போகக் கூடாது, கண்ணாடி வழியாத்தான். செருப்பக் கழட்டிட்டு வாங்க."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. தரையில் இரண்டு வரிசையாகச் சின்னச் சின்ன மெத்தைகள். ஷைலாவின் கண் முதல் மெத்தையில் ஆரம்பித்து, ஒவ்வொன்றாக நின்று நின்று போயிற்று.

"இன்னாமா, எண்ணிகினு கீறீங்களா?" என்றாள் பின்னாலேயே வந்த வடிவு. "பதினொண்ணு. உங்க பொண்ணு வந்தா பன்னெண்டு."

ஜன்னலுக்குக் கீழே படுத்திருந்த ஒரு பெண் குழந்தை புரண்டு எழுந்து உட்கார்ந்தது. தலைமுடி ஒரு பக்கம் அமுங்கியிருந்தது. கண்ணாடிப் பக்கம் பார்த்தது. தண்ணீர் கேன் போட வருகிறவரைப் பார்ப்பதுபோல ஷைலாவைப் பார்த்தது. பிறகு வடிவைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டியது.

"தோ வந்துட்டேன்டி ராசாத்தி," என்று வடிவு சத்தமில்லாமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். குழந்தையைப் படுக்கவைத்து முதுகில் தட்டினாள். அது வடிவின் விரலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியது.

"பாத்தீங்களா?" ஞானசௌந்தரியின் குரலில் கொஞ்சம் பெருமை வந்திருந்தது. "ஏப்ரல்ல வந்தப்ப அம்மா அம்மான்னு ஒரு வாரம் அழுதா. இப்ப அந்தப் பேச்சே கிடையாது. எல்லாத்துக்கும் ஆயாதான். குழந்தைங்க சீக்கிரம் மறந்துடும்மா, நாமதான் பயந்துக்கறோம்."

ஷைலாவின் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியிருந்தது. துப்பட்டாவின் நுனியால் அதைத் துடைத்தாள். மறுபடி மங்கியது. மறுபடி துடைத்தாள்.

"என்னம்மா, இங்கயே முடிவு பண்ணிடலாமா?"

"ம். இங்கதான்."

"அப்ப திங்கக்கிழமையே பொண்ணக் கூட்டிட்டு வந்துடுங்க."

ஷைலா திரும்பவில்லை. கண்ணாடியைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அவங்கப்பா ஏற்கெனவே கூட்டிட்டு வந்து விட்டுட்டாரு மேடம். எங்கன்னுதான் எனக்குச் சொல்லல."