ஊமைக்காகம் எடுத்த ஓலை

கிஷாந்தின் தலைக்கு விலை வைத்தாயிற்று. அதுவும் ஐயாயிரம் பொன்.

பதற வேண்டாம். கொழும்பு வெள்ளவத்தைப் பொலிசுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. 'ஏழு பாலை' என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. ஒரே நேரத்தில் லட்சம் பேர் உள்ளே திரிவார்கள். ஒருவன் வைத்தியன், ஒருவன் வியாபாரி, இன்னொருவன் தலைவேட்டைக்காரன். சபை வாசலில் தொங்கும் ஓலையை எடுத்து, அதில் பேர் உள்ளவனைத் துரத்தி முடிப்பது அவன் தொழில்.

கிஷாந்த் அங்கே குதிரை வியாபாரி. ஒரு பணக்காரனிடம் நொண்டிக் குதிரையைக் காட்டி, 'காற்றாய்ப் பறக்கும்' என்று தலையில் கட்டிவிட்டான். குதிரை பறக்கவில்லை. ஓலைதான் பறந்து வந்தது.

"ஓலைய யாரு எடுத்திருக்கிற எண்டு பாத்தியா மச்சான்?" போனில் கேட்டான் கொட்டாஞ்சேனையில் இருக்கும் கூட்டாளி முர்ஷித். "ஊமக்காகம்!"

கிஷாந்த் குடித்துக்கொண்டிருந்த பிளேன்டீயை அப்படியே வைத்துவிட்டு ஓலையைத் திறந்து பார்த்தான்.

ஊமைக்காகம்! முந்நூற்றுப் பன்னிரண்டு ஓலை எடுத்து, முந்நூற்றுப் பன்னிரண்டையும் முடித்த வேட்டையாள். ஒரு சொல் பேசாது. மணலில் நடந்தால் தடம் விழாது. அது வில்லைத் தொட்டாலே எதிரில் நிற்பவன் மரணசாசனம் எழுதி வைத்துவிட்டுத் தானாகப் படுத்துவிடுவானாம். கொரியாவில் இருக்கும் ஒரு இராணுவவீரன் என்றார்கள் சிலர். ஆளே இல்லை, கம்ப்யூட்டர் தானாக விளையாடுகிறது என்றார்கள் வேறு சிலர்.

"ஒரே ஒரு ஆறுதல். ஓலை அதுட கையில ஈக்கிற இருபத்தொரு நாளும் வேற எந்த வேட்டைக்காரனுக்கும் ஒன்னத் தொட ஏலா."

"அதிலை என்னடா ஆறுதல்?"

"ஒரே ஆள்ட கையால மௌத்தாகலாம் தானே!"

கிஷாந்துக்குச் சிரிப்பு வரவில்லை. விழுந்தால் சொத்தெல்லாம் வேட்டையாளுக்கு. அவனுடைய சொத்து, விளையாட்டுக்குள், கடலோரத்தில் கப்பலுக்கு வழிகாட்டும் ஒரு வெளிச்சவீடு. அவனும் அவன் காதலி சுபோதினியும் எட்டு மாதமாகக் கல்லுக் கல்லாய்க் கட்டியது. இரண்டு பேரும் மனம்விட்டுக் கதைக்க இருந்த ஒரே இடம்.

நிஜத்தில் இருவரும் ஒரே அடுக்குமாடியில்தான். அவன் நாலாம் மாடி, அவள் ஏழாம் மாடி. நடுவில் அவளுடைய அம்மா கனகேஸ்வரி. முப்பது வருஷம் சுங்கத்தில் பெட்டிகளைத் திறந்து பார்த்தவர். ஓய்வுபெற்ற பிறகு மனிதர்களையும் அப்படியே பார்த்தார்.

அன்றைக்கும் லிஃப்டில் அகப்பட்டான்.

"தம்பி, உங்கட வீட்டிலையும் இன்டர்நெட் இழுக்குதோ?"

"ஓம் அன்ரி, கொஞ்சம் ஸ்லோதான்."

தேவாரம் கேட்கிற மனுசிக்கு அப்படி என்ன அவசரம் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டான்.

வேட்டை தொடங்கியது. சந்தைக்குப் போனால் கூரையில் காகம். கிணற்றடிக்குப் போனால் ஈச்சமர நிழலில் காகம். வில்லில் அம்பு ஏறியே இருக்கும், ஆனால் பறக்காது.

"பூனை எலியோட விளையாடுது மச்சான்" என்றான் முர்ஷித்.

"குதிரை வாங்கின ஆளிட்டை மன்னிப்புக் கேளுங்கோவன்" என்றாள் சுபோதினி, வெளிச்சவீட்டில். "பொய் சொல்லி வித்தது பிழைதானே?"

"வியாபாரமெண்டால் அப்பிடித்தான் சுபோ."

இருபத்தோராம் நாள். சனிக்கிழமை மத்தியானம். 'ஏழு பாலை'யில் சூரியன் மறைய இன்னும் பத்து நிமிடம். மறைந்தால் ஓலை செல்லாது. கிஷாந்த் குதிரையை அடித்து விரட்டினான். முப்பதடி பின்னால், சத்தமே இல்லாமல், காகம்.

வழியில் ஒருவன் மணலில் கிடந்தான். விளையாட்டுக்குப் புதியவன். தண்ணீர் முடிந்து கடைசி மூச்சு வாங்கினான். 'அய்யே, ஹெல்ப்' என்று, சிங்களத்தில் அண்ணனைக் கூப்பிட்டு, எழுத்து மின்னியது.

நின்றால் தன் தலை போகும். நிற்காவிட்டால் அவன் போவான்.

கிஷாந்த் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு இறங்கினான். இருந்த ஒரே தண்ணீர்ப் பையை அவன் கையில் கொடுத்தான். பிறகு கண்களை இறுக மூடிக்கொண்டான்.

அம்பு வரவில்லை.

திறந்து பார்த்தால், காகம் வில்லை மணலில் வைத்துவிட்டுச் சும்மா நிற்கிறது! சூரியன் இறங்கியது. ஓலை பொடியாகிக் காற்றோடு போனது.

லட்சம் பேருக்கும் செய்தி பறந்தது. ஊமைக்காகத்துக்கு முதல் தோல்வி! முர்ஷித் போன் எடுத்தான். "மச்சான், காகம் வில்லக் கீழ வெச்சிட்டே!" என்று கத்தினான்.

மறுநாள் காலை கிஷாந்த் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கிக்கொண்டு வந்து லிஃப்டில் ஏற, பின்னாலேயே கீரைக்கட்டோடு கனகேஸ்வரியும் ஏறினார். கதவு மூடியது.

"தம்பி, கம்ப்யூட்டரைப் பாத்துப் பிள்ளை ஏன் சிரிக்கிறாளெண்டு சுங்கத்திலை இருந்தவளுக்கு விளங்காதே?"

கிஷாந்த் நாலாம் மாடிப் பொத்தானை இன்னொரு தரம் அழுத்தினான்.

"பொம்பிளைப் பிள்ளையைக் குடுக்க முதல் பெடியனைப் பற்றி விசாரிக்கிறது எங்கட வழக்கம். நாலு பேர் நாலு விதமாச் சொல்லுவினம். நானே பின்னாலை திரிஞ்சு பாத்திட்டன். வேறை ஆரும் அந்த ஓலையை எடுத்திருந்தால், ரெண்டாம் நாளே உம்மடை கதை முடிஞ்சிருக்கும்."

நாலாம் மாடி வந்தது. கதவு திறந்தது. அவன் இறங்கவில்லை.

"தண்ணி குடுத்தீர், சந்தோஷம். முதல் வேலையா அந்த நொண்டிக் குதிரை வாங்கின ஆளுக்கு நல்ல குதிரை ஒண்டைக் குடும். பிறகு வெள்ளிக்கிழமை உம்மடை அம்மாவையும் கூட்டிக்கொண்டு மேலை வாரும்" என்றது ஊமைக்காகம்.