முப்பது எண்ணும் வரை

பலராமன் விட்ட அறையில் ரஞ்சனியின் தொப்பி பறந்து கன்வேயரில் விழுந்து, மதர்போர்டுகளோடு சேர்ந்து நகர்ந்து போனது.

"எண்ணத் தெரியாதாடி உனுக்கு? இன்னாத்துக்கு வேலைக்கு வர்ற?"

அவன் எங்கள் லைன் சூப்பர்வைசர். ரஞ்சனி என் கூடப்பிறந்த தங்கை. மண்ணூரிலிருந்து ஒரே கம்பெனி பஸ்ஸில் வருகிறோம், பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்காருகிறோம்.

எங்கள் வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஹீட்சிங்க் என்று அரைத் தீப்பெட்டி அளவில் ஓர் அலுமினியத் துண்டு. சிப் சூடாகாமல் இருக்க அதன் மேல் ஒட்டுவது. பசை தடவி வைத்து, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு மனசுக்குள் எண்ண வேண்டும். எண்ணி முடித்ததும் விரலை எடுத்துவிட வேண்டும், அடுத்த போர்டு வந்து நிற்கும். ஒரு நாளைக்கு ஐந்நூறு தடவை. தூக்கத்தில்கூட என் விரல் எதையாவது அழுத்திக்கொண்டுதான் கிடக்கும்.

அன்று டெஸ்டிங்கில், ரஞ்சனி ஒட்டிய ஒன்று கழன்று விழுந்துவிட்டது. அதற்குத்தான் அந்த அறை.

இரண்டாவது அறையில் அவள் காதிலிருந்து ரத்தம் வந்தது.

மூன்றாவதாக முடியைப் பிடித்து ஸ்டூலோடு இழுத்தான்.

"வுடுடா அவள, கட்டையில போறவனே!"

கத்திக்கொண்டே நான் எழுவதற்குள் ரஞ்சனி தலையை உதறினாள். கையில் ஒரு கொத்து முடியோடு அவன் பின்னால் சாய்ந்தான். ட்ரே ரேக்கில் பிய்ந்து நின்ற தகரம் அவன் கழுத்தைக் கிழித்தது. மூன்று போர்டுகளின் மேல் ரத்தம் பீய்ச்சி அடித்தது.

எல்லோரும் பின்னால் ஓடினார்கள். நான் மட்டும் அவனிடம் ஓடினேன்.

கிழிந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டே எண்ணினேன்.

ரத்தம் நின்றது. பொய் சொல்லவில்லை, நின்றேவிட்டது. யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்கள். ரஞ்சனி மேசைக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு ஒடுங்கிக் கிடந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டேதான் எண்ணினேன்.

இருபத்தெட்டில் பலராமன் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"பத்து... பத்து..." என்றான். வலியில் உளறுகிறான் என்றார்கள்.

முப்பது.

விரலை எடுத்தேன்.

மறுபடி அழுத்தினேன். ஒரே வழவழப்பு, இடம் அகப்படவில்லை. ஆம்புலன்ஸ் பென்னலூர் தாண்டும்போதே உயிர் போய்விட்டதாம்.

கேமராவில் எல்லாம் பதிந்திருந்தது. அவன் அடித்தது, தானாக விழுந்தது, நான் ஓடியது. ஆனால் கேமராவுக்குக் காது இல்லை.

"காப்பாத்திகினு இருந்தவ, நடுவுல ஏம்மா கைய எடுத்த?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"பழக்கம் சார். முப்பது எண்ணுனா கை தானா எழுந்துக்கும்."

பாவம் என்று பார்த்தார். எழுதிக்கொண்டார். லைனில் இருந்த பன்னிரண்டு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். ஆமாம் சார், முப்பதுதான் என்றார்கள். ஒருத்திகூட மாற்றிச் சொல்லவில்லை.

ரஞ்சனியை அவன் அடித்ததே, முப்பதில் விரலை எடுத்ததற்குத்தான். அதற்கு முந்தின திங்கட்கிழமையிலிருந்தே எங்கள் கணக்கு நாற்பது.