ஆறாவது வால்வு

நடு நாற்காலியில் அவர்.

வாசலை ஒட்டிய ஸ்டூலில், பையை மடியில் வைத்தபடி, கரண்ட் கணக்கெடுக்க வந்த பெண்.

மூன்றாவது நாற்காலியில் லூர்துநாதன். அதாவது, லூர்துநாதனின் ஐந்து கடிதங்கள். பறக்காமலிருக்க மேலே ஒரு பூட்டு.

அவ்வளவுதான் கூட்டம்.

எதிரே இரண்டு ஸ்பீக்கர்கள். இடப்புறம் சன்னல் பக்கம் ஒன்று, வலப்புறம் கதவுப் பக்கம் ஒன்று. நடுவில், தட்டின் ஒலியைக் கூட்டித்தரும் ப்ரீஆம்ப் பெட்டி, மேல்மூடி கழற்றியபடி. உள்ளே, பழைய ரேடியோவில் இருப்பதுபோல, சுண்டுவிரல் உயரத்தில் இரண்டு கண்ணாடி வால்வுகள், பக்கத்துக்கு ஒன்றாக, செம்மஞ்சளாய் எரிந்துகொண்டிருந்தன.

இசைத்தட்டில் நாகசுரம். இரண்டு பக்கமும் ஒரே அளவில் வர வேண்டிய தட்டு.

சன்னல் பக்கம் தணிந்தே வந்தது.

ஒரு வருஷமாக இதே புகார்தான். சன்னல் பக்கத்துக்கு இது ஐந்தாவது வால்வு.

பாண்டிச்சேரியில் பழைய வால்வு விற்கும் லூர்துநாதனை அவர் நேரில் பார்த்ததில்லை. ஒவ்வொரு வால்வையும் பஞ்சில் சுற்றி, கூடவே நான்கு பக்கம் கைப்பட எழுதி அனுப்புவார். முதல் பக்கம் வால்வைப் பற்றி: ரஷ்யாவில் செய்தது கொஞ்சம் கறார், யுகோஸ்லாவியாவில் செய்தது இதமாகப் பேசும், அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். மற்ற மூன்று பக்கமும் உப்புக்காற்றில் துருப்பிடித்த கிரில், படியேற மறுக்கும் முழங்கால், தனக்கு மட்டும் வைத்தும் மிஞ்சிப்போகும் மீன்குழம்பு.

முடிவில் எப்போதும் ஒரே வரி. கேட்டுவிட்டு எழுதுங்கள்.

ஸ்டூலில் இருந்தவள் எழுந்தாள்.

"ரெண்டும் ஒண்ணாத்தானுங்க சார் கேக்குது. போன தடவையும் இதையேதான் சொன்னனுங்க. இன்னும் நாலு தெரு கெடக்குது, நான் கெளம்பட்டுங்களா?"

கேட் சாத்தும் சத்தம்.

அவர் எதையும் முறைப்படி செய்பவர். அணைத்து, ஆறவிட்டு, கைக்குட்டையால் பிடித்து, இரண்டு வால்வுகளையும் இடம் மாற்றினார். வால்வில் பழுதென்றால் தணிவு கதவுப் பக்கம் போயாக வேண்டும்.

போகவில்லை.

ஸ்பீக்கர் வயர்களை மாற்றிச் சொருகினார்.

அப்போதும் சன்னல் பக்கம்தான்.

பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

இப்போது கதவுப் பக்கம் தணிந்தது.

தட்டு முடியும்வரை அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வால்வுகளுக்கென்று வைத்திருந்த நோட்டில் தேதி போட்டு எழுதினார். வால்வு ஐந்தும் நன்று. குறை: இடக் காது.

அந்த நோட்டில் அவர் இதுவரை பொய் எழுதியதில்லை.

மூன்றாவது நாற்காலியைப் பார்த்தார். பூட்டை எடுத்துவிட்டு, மேலே இருந்த கடிதத்தை மறுபடி படித்தார். முதல் பக்கத்தை விட்டுவிட்டு, மற்ற மூன்றையும்.

வால்வு தேவைப்படாத ஒருவருக்கு யார் முழங்காலைப் பற்றி எழுதுவார்கள்?

வேறு தாளை எடுத்தார்.

அன்புள்ள லூர்துநாதன் அவர்களுக்கு, நலம். தங்கள் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? ஐந்தாவது வால்வு வந்து சேர்ந்தது. அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஆனாலும் சன்னல் பக்கம் இன்னும் சற்றுத் தணிவுதான். உங்கள் பெட்டியில் வேறு என்னென்ன இருக்கின்றன? பார்த்து, நீங்களே தேர்ந்தெடுத்து அனுப்பவும். மொத்தமாக வேண்டாம். ஒவ்வொன்றாகப் போதும்.

பேனாவை மூடப் போனவர், இன்னொன்றும் சேர்த்தார்.

அவசரமில்லை.

நான்காக மடித்து, உறையிலிட்டு, பசை தடவி, ஓரங்களை நகத்தால் நீவி ஒட்டினார். தெருமுனைத் தபால்பெட்டிவரை நடந்தார்.

உறையைப் பாதி நுழைத்துப் பிடித்தபடி, தலையைத் திருப்பி, வலக் காதைப் பெட்டியருகே கொண்டுபோனார்.

பிறகு விட்டார்.

விழுந்தது நன்றாகவே கேட்டது.